அரைப்பேர் டயர்

ருவான்வெல்லைக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில் கிருஷ்ணகுமாரின் பெருவிரல் நகத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. இருபத்தாறு வருடமாகப் பால் வெட்டுகிறவன். பட்டையில் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டு, இந்த மரம் இந்த மாதம் என்ன தரும் என்று சொல்லிவிடுவான். அதோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. கடைக்குப் போய் பிள்ளைக்குச் செருப்பு எடுத்தாலும், குழாய்க்கு வாஷர் எடுத்தாலும், முதலில் அந்த நகம்தான் போய்க் குத்தும். நகம் இறங்கினால் நல்ல ரப்பர், இறங்காவிட்டால் கலப்படம். இந்தச் சட்டத்தை அவனாகவே போட்டுக்கொண்டான். அதற்கான தண்டத்தைக் கட்டியவள் அவன் மனைவி இந்திராணி.

இந்திராணியும் ஒரு காலத்தில் பால் வெட்டியவள்தான். பதினெட்டு வயதில் செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப் பதிவில், பெயர் பதிந்தார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்று கணக்கு. கேட்ட கிலோ பால் கொண்டுவந்தால் முழுப்பேர். மழை பிடித்துக்கொண்டு பால் குறைந்துபோனால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். மலை ஏறி இறங்கிய கால் முழுதாக ஏறி இறங்கியிருக்கும், நனைந்த உடம்பு முழுதாக நனைந்திருக்கும், பேர் மட்டும் அரை. கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துவிட்டு “அரைப்பேர்” என்று சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இருக்காது. அதுதான் இந்திராணிக்கு இன்னும் எரிச்சல். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

மகள் கேஷானிக்கு நாலு வயதாக இருக்கும்போது இந்திராணி குவைத்துக்குப் போனாள். ஒன்பது வருடம், ஒரே வீடு. வீட்டுக்கார மேடத்துக்கு ‘இந்திராணி’ வாயில் நுழையவில்லை. முதல் நாளே பாதியை வெட்டி ‘ராணி’ என்று வைத்துவிட்டாள். ராணி குளியலறை கழுவினாள், ராணி ஆறு பிள்ளைகளின் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். போனில் இதைச் சொன்னபோது கிருஷ்ணகுமார் சிரித்தான். “அங்கேயும் அரைப்பேர்தானா ஒனக்கு?” என்றான். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் அழுதாள்.

திரும்பி வந்தவள் வீடு கட்டவில்லை, நகை வாங்கவில்லை, ஒரு பழைய கார் வாங்கினாள். லயத்து வீடுகள் முழுக்க வாயில் கை வைத்தன. கிருஷ்ணகுமார் ஓட்டுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவனும் ஒரு நாள் முயற்சி செய்தான். ரப்பர் ஸ்டோர் முனையில் ஒரு வடிகானுக்குள் காரை இறக்கிவிட்டு, இறங்கி வந்து, “எனக்கு மரம்தான் சரி. அது நின்ன எடத்துல நிக்கும்” என்று சாவியைக் கொடுத்துவிட்டான். இந்திராணி பஸாரில் இருந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். பழக்கிக் கொடுத்த சிங்கள மாஸ்டர் ஒவ்வொரு முடக்கு வளைவிலும் “பய வெண்ட எப்பா நங்கி” என்பார். பயப்பட வேண்டாம் தங்கச்சி என்று சொல்லிக்கொண்டே அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருப்பார். மூன்றாம் மாதம் அவர் பிடியை விட்டார். ஐந்தாம் மாதம் இவளுக்கு லைசன்ஸ் வந்தது.

பஸாரில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் சுந்தரலிங்கம் முதலாளிக்கு இது வசதியாகப் போய்விட்டது. வாரத்துக்கு நாலைந்து தரம் பெண்களைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வாடகை ஓட்டத்தை, அதாவது ஹயரை, இவளிடமே கொடுத்தார். பெண் ஓட்டுகிற கார் என்றால் வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. இந்திராணி ஓட்டுகிற கார் என்றால் போகிறவளுக்கு அதைவிட நிம்மதி. அவிசாவளை தாண்டி, கடுவெலையில் ஹைவே ஏறுவதற்குள், அந்த ஊரில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது, போன் நம்பரை எந்தத் தையலுக்குள் மறைத்து வைக்கலாம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவாள். பொய் சொல்லித் தேற்றமாட்டாள். “மொத மூணு மாசம் கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிரும். பழகிருச்சேன்னு அப்புறமா கஷ்டமா இருக்கும்” என்பாள்.

போய் வர நூற்றெண்பது கிலோமீட்டர். அதில் பாதிக்குக் கிட்ட ஹைவே. மலைப்பாதையில் தேய்கிற மாதிரி அங்கே டயர் தேயாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பள்ளமில்லை, முடக்கில்லை, எண்ணெய் தடவிய மாதிரி ரோடு. ஆனால் நூறில் ஓடும்போது டயர் சூடாகும், சூட்டில் ரப்பர் கரையும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பின்னால் இருக்கிறவளிடம் பேசிக்கொண்டே வருவாள், கீழே நாலு டயரும் சத்தமில்லாமல் குறைந்துகொண்டு வரும்.

காரோடு வந்த டயர்கள் முடிந்தபோது புருஷனும் பெண்சாதியுமாக அவிசாவளைப் பக்கம் ரோட்டோரம் பாவித்துக் கழித்த ஜப்பான் டயர் விற்கிற ஒரு இடத்துக்குப் போனார்கள். அங்கேதான் கிருஷ்ணகுமாரின் நகம் தன் வேலையைக் காட்டியது. ஒரு டயரில் குத்தினான், இறங்கியது. இன்னொன்றில் குத்தினான், வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. ரோட்டில் படுகிற ரப்பர் கட்டைகளும் நல்ல உயரம். பக்கவாட்டில் ஒரு சின்ன மலை, அதற்குள் ஒரு பூ மாதிரி அடையாளம் வேறு.

“பாத்தியா புள்ள, மலையும் பூவும் போட்டிருக்கு. நம்ம மலைநாட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு” என்றான்.

விற்றவன் வாயைத் திறக்கவில்லை. அவன் ஏன் திறக்கப்போகிறான்? நாலையும் மலிவாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழி முழுக்க கிருஷ்ணகுமார் தன் நகத்தைத் தானே பார்த்து ரசித்துக்கொண்டு வந்தான்.

நாலு மாதம் ஓடியது. ஒரு புதன்கிழமை மத்தியானம், பின் சீட்டில் இரண்டு பெண்கள், கடுவெலை தாண்டி ஹைவேயில் போய்க்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. முதலில் கை நடுங்குவதாகத்தான் நினைத்தாள். பிறகு கார் முழுதும் நடுங்கியது. பிரேக்கில் கால் வைக்காமல், வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்து, சிக்னலைப் போட்டு இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கிப் பார்த்தால் முன் டயர் ஒரு பக்கம் கட்டி வந்த மாதிரி வீங்கிக் கிடந்தது. ரோந்து வந்த ஹைவே பொலிஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “மே டயர் எக்கென் துவன்ன பே அக்கே” என்றார். இந்த டயரில் ஓட முடியாது அக்கா என்று அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவரே ஒரு கை கொடுத்து ஸ்பெயார் டயரை மாட்ட உதவினார். கவுண்டரை மூடப்போகிற நேரத்தில்தான் விமான நிலையம் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பெண்களும் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். இந்திராணி இறங்கி ஸ்பெயார் டயரைக் காலால் ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, மெதுவாக ஊருக்குத் திரும்பினாள்.

விஷயம் அவளுக்கு முன்னால் பஸாருக்கு வந்துவிட்டது. மறுநாள் சுந்தரலிங்கம் முதலாளி கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, ஆனால் வியாபாரி.

“இந்திராணி, பிளைட் போயிருந்தா அந்தப் புள்ளைகளுக்கு நான் என்னா பதில் சொல்றது? அடுத்த திங்கள்தான் கெடு. நாலு டயரும் சரியா இருக்கணும், நானே வந்து பாப்பேன். இல்லாட்டி ஹயரை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதுதான்.”

“சரிங்க முதலாளி.”

“இன்னொண்ணு. கோவிச்சுக்காத. அந்த குவைத் மேடம் திரும்பவும் கேட்டு எழுதியிருக்கு. ராணியே வேணுமாம். கார் சரிவரலைன்னா யோசிச்சுப் பாரு.”

அவள் வெளியே வந்தாள். முதலாளி தப்பாக எதுவும் சொல்லவில்லைதான். ஆனாலும் நடந்துகொண்டே கணக்குப் போட்டாள். ஹயர் போனால் கார் நிற்கும். கார் நின்றால் அதே ரோட்டில், யாரோ ஓட்டுகிற காரில், பின் சீட்டில் அவள் உட்கார்ந்து போக வேண்டிவரும். கேஷானிக்கு இப்போது பதினைந்து வயது. முதல் தரம் போனபோது தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள். இந்தத் தரம் விழித்திருக்கிற பிள்ளையை விட்டுப் போக வேண்டும்.

வீங்கிய டயரை பஸாரில் டயர் கடை வைத்திருக்கும் ஹலீமிடம் கொண்டுபோனாள். ஹலீம் அவளைவிட இளையவன், வாய்த் துடுக்கு. டயரைப் புரட்டிப் பார்த்தவன் அந்த மலையையும் பூவையும் கண்டதும் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

“அக்கா, இது பூ இல்ல. பனி. ஜப்பான்ல குளிர் காலத்துக்கு மட்டும் மாட்டுற டயர். ஐஸ்ல வழுக்காம பிடிக்கோணும் எண்டு ரப்பரை மெத்தெண்டு செஞ்சி ஈக்கி. நம்மட வெயிலுக்கு, அதுவும் ஹைவேல, அழிரப்பர் மாதிரி கரைஞ்சி போகும்.”

கூட வந்த கிருஷ்ணகுமார் தன் பெருவிரலை மெல்ல மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டான்.

ஹலீம் புது டயர்களைக் காட்டினான். மலிவில் ஒன்று, நடுத்தரத்தில் ஒன்று, கையே வைக்க முடியாத விலையில் ஒன்று. பழைய டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டிய டெக் டயரும் இருந்தது, அதை ஹைவேக்குத் தரமாட்டேன் என்று அவனே சொல்லிவிட்டான். நடுத்தரத்தை எடுங்கள், அதுதான் நாள்பட உழைக்கும் என்றான். இந்திராணி உடனே தலையாட்டவில்லை. ஒரு தரம் சூடு பட்டவள்.

“தம்பி, நீங்க விக்கிறவங்க. கோவிச்சுக்காதீங்க, நான் ஓட்டுறவங்ககிட்ட கேட்டுட்டு வாறேன்.”

“நல்லாக் கேளுங்க. கேட்டுட்டு இங்கதான் வருவீங்க” என்றான் ஹலீம்.

இரவல் டயர் ஒன்றை ஹலீமிடமே வாங்கி மாட்டிக்கொண்டு, வேகத்தை எழுபதுக்கு மேல் ஏற்றாமல், வெள்ளிக்கிழமை ஒரு ஹயர் போனாள். ஆளை இறக்கிவிட்ட பிறகு விமான நிலையக் கார் நிறுத்துமிடத்தில் தொடங்கினாள். கங்காணி மலையில் நிரை நிரையாக நடந்து பார்க்கிற மாதிரி, நிற்கிற வாடகை வண்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டே போனாள். இரண்டு டிரைவர்கள் சந்தேகப்பட்டு இறங்கிவந்தார்கள். ஒருவன் சக்கர மூடி திருடுகிறவள் என்றே முடிவு கட்டிவிட்டான். அவள் அசரவில்லை. “இந்த டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குங்க?” என்று ஒரே கேள்விதான். கோபத்தோடு வந்தவர்கள்கூட அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொன்னார்கள். டயரைப் பற்றிப் பேசச் சொன்னால் எந்த டிரைவர்தான் மாட்டேன் என்பான்?

கடைசி நிரையில் புளத்கொகுபிட்டியத் தோட்டத்திலிருந்து வந்த மூக்கையா என்ற டிரைவரின் வேன் நின்றது. ஐம்பது வயதிருக்கும், தினமும் ஹைவேயில் ஓடுகிறவர். அவர் டயர் அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. டயர் மேல் ஓடும் காடிப் பள்ளத்துக்குள் இன்னும் விரல் நுனி இறங்கியது.

“என்னாங்கண்ணே செய்றீங்க? இப்புடி உழைக்குதே?” என்று கேட்டாள்.

“நான் ஒண்ணும் செய்யல தங்கச்சி. அதுலயே எழுதியிருக்கு, யாரும் படிக்கிறதில்ல.” மூக்கையா பக்கவாட்டில் விரல் வைத்துக் காட்டினார். “இந்தா, நானூத்தி நாப்பது. இது தேய்மான நம்பர். எரநூறுன்னு போட்டது சீக்கிரம் தேயும், நானூறுக்கு மேல போட்டது நிண்டு உழைக்கும். பக்கத்துல ஏ போட்டிருக்கா? அது மழைக்கு. அவிசாவளை மழை ஒனக்கே தெரியும், உழைச்சா மட்டும் போதாது, பிடிக்கவும் வேணும். கடைசியில நாலு நம்பர், எந்த வாரம் எந்த வருசம் செஞ்சதுன்னு. அஞ்சு வருசப் பழசைப் புதுசுன்னு தலையில கட்டுவானுங்க.”

“அவ்வளவுதானுங்களா?”

“ஹைவே ஏற முன்ன வாரம் தவறாம காத்துப் பாரு. பத்தாயிரத்துக்கு ஒருக்கா முன்னுக்கும் பின்னுக்கும் மாத்து. அலைன்மென்ட் பாரு. இதுகள செய்யாட்டி எந்த டயரும் ஒனக்கு அரைப்பேர்தான்.”

அந்தச் சொல்லைக் கேட்டு இந்திராணி நிமிர்ந்து பார்த்தாள். மூக்கையாவும் தோட்டத்து ஆள்தானே. அவர் சும்மா சொன்னார், இவளுக்கு அது சும்மா கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹலீம் கடையில் அவளே குனிந்து படித்தாள். மலிவு டயரில் இருநூற்றிருபது. நடுத்தரத்தில் நானூற்றிருபது, பக்கத்தில் ஏ. கையே வைக்க முடியாத டயரிலும் நம்பர் பெரிதாக மாறவில்லை. அது ஓட்டத்துக்கு அல்ல, பேருக்குத்தான் விலை என்று தெரிந்தது. நடுத்தர டயர் ஒன்று இருபத்தாறாயிரம், மலிவு பதினெட்டாயிரம். கிருஷ்ணகுமார் நடுத்தர டயரில் பழக்க தோஷத்தில் நகத்தைக் குத்தினான். இறங்கவில்லை. உடனே கையை எடுத்துக்கொண்டான்.

“ரெண்டு நல்லது, ரெண்டு மலிவு போட்டா என்னா தம்பி?” என்று கேட்டாள் இந்திராணி.

“மழையில நல்லது பிடிக்கும், மத்தது இழுக்கும். ரெண்டும் சண்டை பிடிச்சா நடுவுல நீங்கதான் அக்கா.”

அவள் டயரின் கடைசி நாலு நம்பரையும் பார்த்தாள். போன வருடம் நாற்பதாவது வாரம். “இது போன வருசத்து டயர். ஒண்ணுக்கு ரெண்டாயிரம் கொறைங்க.” ஹலீம் அவளைப் பார்த்தான், கிருஷ்ணகுமாரைப் பார்த்தான், கடைசியில் ஆயிரத்தைந்நூறு குறைத்தான். “மூணு நாளைக்கு முன்னுக்கு வந்தப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாதே” என்று முறைப்பாடு வேறு.

அப்படியும் காசு போதவில்லை. மலிவு டயர் நாலுக்குத்தான் கையில் இருந்தது. மிச்சம் வீட்டில் இருந்தது, அலுமாரியில், பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்தபடி. அந்தப் பாஸ்போர்ட் வருகிற மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கவும், கொழும்புக்கு அலையவும், மெடிக்கல் எடுக்கவும் என்று ஒதுக்கி வைத்த காசு அது. வெளிநாட்டிலிருந்து வந்த எந்தப் பெண்ணும் பாஸ்போர்ட்டைச் சாகவிடமாட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று உயிரோடு வைத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தபோது கிருஷ்ணகுமார் பின்னால் வந்து நின்றான். “அத எடுத்துட்டா, அப்புறம் ஒரு அவசரம்னா என்னா செய்றது?” என்றான் மெதுவாக.

இந்திராணிக்குக் கோபம் வந்தது. குவைத்தில் இருந்த ஒன்பது வருடமும் வராத கோபம்.

“அவசரம்னா நான்தான் போகணுமா? இந்த வூட்டுல எல்லா அவசரத்துக்கும் நான்தான் பொட்டி கட்டணுமா? மூணு பேரு இருக்கோம். ஒரு அவசரத்தையாவது இங்க இருந்துகிட்டே பாப்போமே.”

அவன் பாஸ்போர்ட்டை அவள் கையிலிருந்து வாங்கி, காசை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, வெறும் பாஸ்போர்ட்டைச் சேலைகளுக்கு அடியில் தள்ளி வைத்தான். தப்பான டயர் வாங்கிக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதன். அவனால் முடிந்தது இதுதான்.

திங்கட்கிழமை சுந்தரலிங்கம் முதலாளி வந்து நாலு டயரையும் சுற்றிப் பார்த்தார். அவருக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது, கால் செருப்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சரி என்றார். குவைத் மேடத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று கேட்டார். “அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைன்னு எழுதுங்க” என்றாள் இந்திராணி. அவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

அதன் பிறகு பதினாலு மாதம். வெள்ளிக்கிழமை தோறும் காற்றுப் பார்த்தாள், சாமி கும்பிடுகிற மாதிரி தவறாமல். பத்தாயிரத்துக்கு ஒரு முறை ஹலீம் முன்னையும் பின்னையும் மாற்றிப் போட்டான். அவிசாவளை மழையில் ரோடு தெரியாத நாட்களில் முன்னால் போகிற வண்டிக்கு இடம் விட்டு, நிதானமாக ஓட்டினாள். டயர் ஒரு தரம்கூட முனகவில்லை. எத்தனையோ பெண்களை இறக்கிவிட்டாள். ஒவ்வொரு தரமும் சாயந்தரத்துக்குள் வீட்டுக்குத் திரும்பினாள். கேஷானி பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரணதரப் பரீட்சை எழுதினாள், எழுதிய ஒவ்வொரு நாளும் அம்மாவின் காரில் போனாள்.

ஐம்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஆன ஞாயிற்றுக்கிழமை, காரைக் கழுவிக்கொண்டிருந்த கிருஷ்ணகுமார் முன் டயருக்குப் பக்கத்தில் குந்தினான். நகத்தைக் காடிக்குள் விட்டான். இந்த முறை ரப்பரைக் குத்தவில்லை, ஆழத்தைப் பார்த்தான். தேய்ந்து முடிந்ததைக் காட்டுகிற அந்தச் சின்ன மேடு இன்னும் வெகு கீழே இருந்தது.

“இந்திரா, இங்க வந்து பாரு. இந்த டயருக்கு முழுப்பேர் போடலாம்.”

“டயருக்கு மட்டும்தானா?” என்றாள் அவள்.

மறுநாள் கிருஷ்ணகுமார் பால் வெட்டு முடிந்து வந்து, குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு பஸாருக்குப் போனான். கண்ணாடியில் எழுத்து வெட்டி ஒட்டுகிற கடை ஒன்று அங்கே உண்டு. ஓடுகிற வண்டிகளெல்லாம் பின்கண்ணாடியில் சாமி பேர், பிள்ளை பேர் என்று எதையாவது போட்டுக்கொண்டு திரிய, இவள் கார் மட்டும் இத்தனை நாள் மொட்டையாக ஓடியது. அவள் பேர் தெரிந்த கடைக்காரப் பையன் பெரிய எழுத்துக்கு எழுத்து ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை சொல்லிவிட்டு, காரையும் அவளையும் பார்த்தான்.

“சின்னதா ‘ராணி’ன்னு போட்டா அழகா இருக்கும் அக்கா. செலவும் கொறையும்.”

கிருஷ்ணகுமார் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தான்.

“இந்திராணி” என்றான். “ஒரு எழுத்தும் கொறைக்காத.”